அறைக்குள் எடுக்கும் முடிவா, அறிவித்து வைத்த கணக்கா? கல்லூரிக் கால்பந்து பிளேஆஃப் தேர்வு: ஓர் ஒப்பீடு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் எடுத்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து) உச்சப் பிரிவில் 2025 பருவத்தில் 136 அணிகள் ஆடின. வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள்தான். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகளில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சந்திப்பதில்லை. அப்படியிருக்க, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்கு 12 அணிகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். 2025-இல், தரவரிசையில் முன்னணியில் இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் (அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) சாம்பியன்களுக்கு இடம் உறுதியாக இருந்தது. மீதி ஏழு இடங்களையும் 12 அணிகளின் வரிசையையும் முடிவு செய்வது 13 பேர் கொண்ட தேர்வுக் குழு. டெக்சாஸில் கிரேப்வைன் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூடி, ரகசிய வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுக்கிறார்கள்.

இதற்கு மாற்று, பருவம் தொடங்கும் முன்பே வெளியிட்டுவிட்ட ஒரு கணக்குச் சூத்திரம். நான் இரண்டாவதன் பக்கம். சில ஆண்டுகளாகவே குழுவின் தரவரிசையை வெளியிடும் செவ்வாய்க்கிழமை இரவு நிகழ்ச்சியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வெஸ் காலி என்பவரின் கணக்கு முறைப்படி (பின்னால் விளக்குகிறேன்) நானே வரிசை போட்டுப் பார்த்து வருகிறேன். எனவே இது நடுநிலையான அலசல் அல்ல.

இரு தரப்பின் வழக்கமான வாதங்களும் எல்லோருக்கும் தெரிந்தவை. மனிதர்களால் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து எடைபோட முடியும். எண்ணுக்கு அது முடியாது. எண்ணுக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது, மனிதருக்கு உண்டு. குழு உறுப்பினர் தம் பல்கலைக்கழகம் பற்றிய விவாதத்தின்போது வெளியேறிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. என் குறை வேறு: அவர்கள் எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை கொடுப்பார்கள் என்பது ஆடும் அணிக்கு முன்கூட்டித் தெரியாது.

2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13 ஆட்டங்களிலும் வென்று, ஏசிசி என்ற கான்ஃபரன்ஸின் சாம்பியனாகவும் வந்தது. அப்போது நான்கே இடங்கள். தாக்குதலை வழிநடத்தும் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காயமடைந்துவிட்டதால் அணி முன்புபோல் இல்லை என்று குழு கருதியது. ஒரு தோல்வி கண்டிருந்த அலபாமா நான்காவது இடத்தைப் பெற்றது. பின்னர், பருவ இறுதியில் பொது மைதானத்தில் நடக்கும் 'பௌல்' ஆட்டங்களில் ஒன்றான ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் ஃப்ளோரிடா ஸ்டேட் 63-3 என்று நொறுங்கியதைக் காட்டி, குழு செய்தது சரி என்று இன்றும் சொல்கிறார்கள். வெளியே தள்ளப்பட்ட பிறகு பல முன்னணி வீரர்கள் ஆடாமல் ஒதுங்கிக்கொண்ட ஆட்டம் அது. அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மேலும், அந்த அணி தன் காயமடைந்த வீரர் இல்லாமலேயே கடைசி ஆட்டங்களையும் வென்று காட்டியிருந்தது. வென்ற ஆட்டத்தைவிட இனி என்ன நடக்கும் என்ற ஊகம் கனமானது என்றால், ஆட்டம் எதற்கு?

2025-இல் நடந்தது இன்னும் நுட்பமானது. பருவத் தொடக்கத்தில் மயாமி அணி நோட்ர டேமை 27-24 என்று வென்றது. இரண்டும் 10-2 (பத்து வெற்றி, இரண்டு தோல்வி) என முடித்தன. நவம்பர் முதல் வாரத்தில் வெளியான குழுவின் முதல் தரவரிசையில் நோட்ர டேம் 10, மயாமி 18. நேருக்கு நேர் முடிவு அன்றும் அதே 27-24தான். டிசம்பர் தொடக்கத்தில் நோட்ர டேம் 10, பிரிகம் யங் 11, மயாமி 12. கடைசி வார இறுதியில் நோட்ர டேமும் ஆடவில்லை, மயாமியும் ஆடவில்லை. நடுவில் இருந்த பிரிகம் யங் தன் கான்ஃபரன்ஸ் இறுதியில் டெக்சாஸ் டெக்கிடம் 34-7 என்று தோற்றுக் கீழே இறங்கியது. மறுநாள் பார்த்தால் மயாமி 10, நோட்ர டேம் 11. உறுதி இடங்களில் இரண்டு தரவரிசையில் பின்தங்கிய சாம்பியன்களுக்குப் போனதால், மயாமி உள்ளே, நோட்ர டேம் வெளியே.

குழுத் தலைவர் ஹன்டர் யூராசெக் தந்த விளக்கம்: இரு அணிகளும் பட்டியலில் அடுத்தடுத்து வந்த பிறகே நேருக்கு நேர் முடிவை வைத்து ஒப்பிட வேண்டி வந்தது. மயாமிக்கு இடம் கிடைத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வென்ற அணி அதுதான். ஆனால் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணி ஒன்று தோற்றால்தான் ஆகஸ்ட் மாத வெற்றி செல்லுபடியாகும் என்ற விதி எங்கே எழுதியிருந்தது? அதைச் செப்டம்பரிலேயே அச்சிட்டு வைத்திருந்தால், நோட்ர டேம் ஐந்து வாரம் 'உள்ளே இருக்கிறோம்' என்று நம்பிக்கொண்டிருக்காது.

சூத்திரத்தின் பக்கம் என்னை இழுத்தது 2010-இல் நடந்த ஒரு சம்பவம். இறுதிப் போட்டிக்கு இரு அணிகளைத் தேர்ந்தெடுக்க 1998 முதல் 2013 வரை இருந்த பிசிஎஸ் முறையில் வாக்கெடுப்புகளோடு கணினித் தரவரிசைகளும் சேர்க்கப்பட்டன; 2010-இல் அவை ஆறு. அவற்றில் முழுச் செய்முறையையும் வெளியிட்டது வானியற்பியலாளர் வெஸ் காலியின் முறை மட்டுமே. அதன் தொடக்கம் மிக எளிது: வெற்றிகளோடு ஒன்றைக் கூட்டு, ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி வகு. 10-2 என்றால் 11/14. அதன்பின் எதிரணிகளின் பலத்துக்கேற்ப எல்லா அணிகளின் எண்களும் ஒரே நேரத்தில் திருத்தப்படும். அந்த ஆண்டு இறுதிப் பட்டியலில் கீழ்ப்பிரிவு பிளேஆஃப் ஆட்டம் ஒன்று, அப்பலாச்சியன் ஸ்டேட்டும் வெஸ்டர்ன் இல்லினாயும் மோதியது, விட்டுப்போயிருந்தது. ஜெர்ரி பாம் என்ற ஆய்வாளர் கணக்கைத் தானே போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். திருத்தியபோது எல்எஸ்யூ 10-க்கு ஏறியது, பாய்ஸி ஸ்டேட் 11-க்கு இறங்கியது. மற்ற ஐந்து கணினிகளிலும் இப்படி ஏதும் நடந்திருந்தால் யார் கண்டுபிடித்திருப்பார்கள்? 13 பேர் அறைக்குள் ஓர் ஆட்டத்தை மறந்துவிட்டால் அதை யார் சுட்டிக்காட்ட முடியும்?

ஆனாலும் தேர்வு முறையில் எனக்குத் தீர்மானமான காரணம் இதுவும் அல்ல, ஆட்ட அட்டவணைதான். அணிகள் யாரோடு மோதுவது என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. தேர்வு விதி எதை ஊக்குவிக்கிறதோ, அட்டவணை அந்தப் பக்கம் சாயும். 2025-இல் டெக்சாஸ் தன் முதல் ஆட்டத்தையே ஓஹாயோ ஸ்டேட்டின் மைதானத்தில் ஆடி 14-7 என்று தோற்றது. இறுதியில் 9-3, பிளேஆஃப் இடம் இல்லை. அந்த ஆட்டம் இல்லாமல் 10-2 என்று இருந்திருந்தால் உள்ளே போயிருப்போம் என்று பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கீசியன் வெளிப்படையாகவே வாதாடினார். 4-8 என்று முடித்த ஃப்ளோரிடாவிடமும் தோற்றதுதான் டெக்சாஸின் உண்மையான கறை என்பது நியாயமான பதில். ஆனால் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களின் காதில் விழுந்த பாடம் வேறு: பெரிய அணியோடு மோதித் தோற்பதைவிட, மோதாமலே இருப்பது லாபம்.

அதே ஆண்டு நவம்பரில் அலபாமா கீழ்ப்பிரிவு அணியான ஈஸ்டர்ன் இல்லினாயைத் தன் மைதானத்துக்கு அழைத்து 56-0 என்று வென்றது. அலபாமா சேர்ந்த எஸ்இசி கான்ஃபரன்ஸின் அணிகள் பல இப்படித்தான் செய்து வந்தன. பிக் டென், பிக் 12 அணிகள் கான்ஃபரன்ஸுக்குள் ஒன்பது ஆட்டங்கள் ஆடும்போது எஸ்இசி எட்டோடு நிறுத்திக்கொண்டது. 2026 முதல்தான் ஒன்பதுக்கு மாறுகிறது. வலிமையான எதிரணியிடம் கண்ட தோல்விக்கான தண்டனையைக் குறைக்கும் அளவீட்டைக் குழுவும் 2025-இல் சேர்த்துக்கொண்டது. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த அளவீடு குழுவின் மேசையில் கிடக்கும் தாள்களில் ஒன்று மட்டுமே. அதற்கு எவ்வளவு எடை என்பதைச் சொல்வார் இல்லை. எடை தெரியாத ஒன்றை நம்பி எந்த இயக்குநர் ஓஹாயோ ஸ்டேட்டின் ஊரான கொலம்பஸ் போய் ஆட ஒப்பந்தம் போடுவார்?

சூத்திரத்தில் இந்தச் சிக்கலை நேராகக் கையாளலாம். கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவான டிவிஷன் 3 கால்பந்தில் 2024 முதல் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே 40 அணிகள் பிளேஆஃப் போகின்றன. கான்ஃபரன்ஸ் சாம்பியன்கள் போக எஞ்சிய இடங்கள் என்பிஐ எனும் எண் வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. ஒரு வெற்றி உங்கள் எண்ணைக் குறைக்கும் அளவுக்கு எதிரணி பலவீனமாக இருந்தால் அந்த வெற்றி கணக்கில் சேராது. தண்டனையும் இல்லை, பலனும் இல்லை. வலுவான அணியிடம் தோற்றால் அந்த அணியின் பலம் உங்கள் எண்ணைத் தாங்கிப் பிடிக்கும். இவை எல்லாம் முன்பே தெரிவதால் பயிற்சியாளர் அட்டவணை போடும்போதே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். டிவிஷன் 3 ஆட்டங்களை நான் பார்த்தது குறைவு. பெரும் தொலைக்காட்சிப் பணம் இல்லாத அந்த உலகில் நடப்பது உச்சப் பிரிவிலும் அப்படியே நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

சூத்திரத்தை எதிர்ப்பவர்கள் பிசிஎஸ் காலத்தை நினைவூட்டுவார்கள். நினைவூட்ட வேண்டியதுதான். 2001-இல் கொலராடோவிடம் 62-36 என்று தோற்ற நெப்ராஸ்கா இறுதிப் போட்டிக்குப் போனது. 2003-இல் இரு வாக்கெடுப்புகளிலும் முதலிடத்தில் இருந்த யூஎஸ்சி போகவில்லை. 2004-இல் ஒரு தோல்வியும் காணாத ஆபர்ன் வெளியே நின்றது. ஆனால் அங்கே இருந்தவை இரண்டே இடங்கள். போதாததற்கு, ஒவ்வொரு சர்ச்சைக்குப் பிறகும் சூத்திரத்தையே மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்பையும் அதற்குள் கலந்திருந்தார்கள். அடிக்கடி மாறும் கணக்கு குழுவைவிட எந்த வகையிலும் மேலானதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலி முறையிலும் ஒரு குறை உண்டு: நேருக்கு நேர் முடிவுக்கு அதில் தனி மதிப்பு கிடையாது. எண்கள் நெருங்கி நிற்கும்போது யார் யாரை வென்றார் என்பதே முடிவு என்று ஒரு விதியைக் கூடவே எழுதி வைக்க வேண்டும்.

பிளேஆஃப் சுற்றின் சொந்த அட்டவணையில் மட்டும் இரு முறைகளுக்கும் வேறுபாடு இல்லை. அங்கே கோளாறு அமைப்பில் இருக்கிறது. முதல் நான்கு அணிகள் முதல் சுற்று ஆடாமல் காலிறுதிக்குப் போகின்றன. 2024, 2025 இரண்டு பருவங்களிலும் அப்படிப் போன எட்டு அணிகளில் ஏழு காலிறுதியிலேயே தோற்றன. தப்பியது, பின்னர் பட்டத்தையும் வென்ற இண்டியானா மட்டும். 5 முதல் 8 வரையிலான அணிகள் முதல் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆடுகின்றன. முதலிடம் பிடித்த அணியோ மூன்று வாரத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, பொது மைதானம் ஒன்றில் காலிறுதி ஆட வேண்டும். அந்த நான்கு காலிறுதிகளையும் உயர்ந்த இடம் பிடித்த அணியின் வளாகத்துக்கே கொண்டுபோய், ஒரு வாரம் முன்னதாக நடத்த வேண்டும். ரோஸ், சுகர், ஆரஞ்சு பௌல்கள் அரையிறுதியைச் சுழற்சி முறையில் பகிர்ந்துகொள்ளட்டும்.