சான் மார்கோஸ் கண்ணாடிப் படகு: முதலில் தொட்டியைப் பாருங்கள்

ஆஸ்டினுக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் நான் கூட்டிப்போகும் இடம் சான் மார்கோஸ். தெற்கே சுமார் 30 மைல். அங்கே ஸ்பிரிங் லேக் என்ற ஊற்று ஏரியில் டெக்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மெடோஸ் மையம் கண்ணாடித் தளம் போட்ட படகு ஓட்டுகிறது. அரை மணி நேரச் சவாரி. மூன்று முறை போயாயிற்று.

முதல் முறை நேராகப் படகில் ஏறி, ஆமையையும் பெரிய மீன்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அடுத்த முறைதான் கரையில் உள்ள காட்சி அறைக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு தொட்டியில் ஃபவுண்டன் டார்ட்டர் என்ற குட்டி மீன். ஓர் அங்குலம் இருந்தால் அதிகம். நம் ஊர் அயிரைக் குஞ்சு மாதிரி. வயிற்றில் காற்றுப்பை கிடையாது, அதனால் மிதக்காது. துடுப்பை ஊன்றிப் பாசிமேல் உட்கார்ந்திருக்கும், திடீரென்று ஒரு தத்து தத்தி அடுத்த கொத்துக்குப் போகும். ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. என் மகள் கண்ணாடியில் மூக்கை வைத்தவள் பத்து நிமிடம் எடுக்கவில்லை. இந்த மீனுக்கு உலகத்திலேயே சொந்த ஊர் இரண்டுதான்: சான் மார்கோஸ், கோமல் என்ற ஊற்றாறுகள்.

அதைப் பார்த்த கண்ணோடு படகில் ஏறினால் எல்லாம் வேறாகத் தெரிகிறது. ஏரியடியில் 200க்கும் மேற்பட்ட ஊற்றுக்கண்கள். ஓரிடத்தில் வெள்ளை மணல் குமிழ் விட்டுப் பொங்குகிறது, அடுப்பில் ரவைக் கஞ்சி கொதிக்கிற மாதிரியே. அந்த ஊற்றுக்கு அங்கேயும் ரவைக் கஞ்சியின் பெயர்தான்! கோடையோ குளிரோ, தண்ணீர் 22 டிகிரியில் நிற்கிறது. டார்ட்டருக்கு வேண்டியது இந்த மாறாத சூடும் தரையோடு படர்ந்த பாசியும்தான். படகிலிருந்து அந்த மீனைப் பார்க்க முடியாது, பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

படகோட்டிய மாணவியிடம் ஆற்றில் டார்ட்டர்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். செடி உள்ள இடத்தில் அடிப்பக்கம் திறந்த கூண்டுவலையைச் சட்டென்று இறக்குவார்களாம். உள்ளே அகப்பட்டதைக் கைவலையால் திரும்பத் திரும்ப அரித்து, எண்ணி, நீளம் அளந்து, அங்கேயே விட்டுவிடுவார்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தவறாமல் நடக்கிறது. இந்த ஒரு பதிலுக்கே டிக்கெட் காசு தகும்.

ஏன் இப்படி எண்ண வேண்டும் என்பதற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. 1956 வறட்சியில் கோமல் ஊற்று மாதக்கணக்கில் நின்றுபோனது. அந்த ஐம்பதுகளில் கோமலில் டார்ட்டரே இல்லாமல் போய், 1975-லிருந்து சான் மார்கோஸ் மீன்களைக் கொண்டுபோய் விட்டுத்தான் மறுபடி உண்டாக்கினார்கள். இதே ஆற்றில் இருந்த சான் மார்கோஸ் கம்பூசியா என்ற சிறு மீனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1983க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. 2023-ல் அற்றுப்போனது என்று அறிவித்துவிட்டார்கள்.

எனக்கு ஓர் ஆதங்கம். சில வருடம் முன் ஒரு மீன் கடையில் தொட்டி சுத்தம் செய்யும் பிளெக்கோ என்ற மீன் வாங்கினேன். "பெரிதானால் ஆற்றில் விட்டுவிடுங்கள்" என்று கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார். இதே ஆற்றில் அந்த மீன் பெருகி, பாசியை மேய்ந்து, கரையைக் குடைந்து, இப்போது ஈட்டியால் குத்தி எடுக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்கும்போது வயிறு எரிந்தது. நல்லவேளை, எங்கள் பிளெக்கோ தொட்டியிலேயே இருக்கிறது.

சரி, போகிறவர்களுக்கு: வெயில் நன்றாக ஏறிய பிறகு போங்கள், அடி வரை தெளிவாகத் தெரியும். ஏரியில் குளிக்க அனுமதி இல்லை, மாற்றுடை வேண்டாம். அக்டோபரில் தென்காசியிலிருந்து அம்மா வருகிறாள். குற்றால அருவி பார்த்து வளர்ந்தவள், ரவைக் கஞ்சி ஊற்றைப் பார்த்து என்ன சொல்லப்போகிறாளோ.