ஊஞ்சல் மெத்தைக்குக் கம்பளி நூலா, பருத்தி நூலா?

நீடில்பாயிண்ட், அதாவது கண் கண்ணாக நெய்த விறைப்பான கேன்வாஸ் துணியைத் தையலால் முழுக்க மூடும் கைவேலை, சொல்லித்தரும் வெளிநாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் கம்பளி நூலில்தான் ஆரம்பிக்கும். மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்து ஊஞ்சலுக்கு மெத்தை உறை தைக்க நினைத்தபோது, ஒரே கேன்வாஸ் துண்டில் இரண்டு நூலையும் பக்கம் பக்கமாகத் தைத்துப் பார்த்தேன். கடைசியில் பருத்திக்கே வந்தேன். டெல்டாவில் இருப்பவர்கள் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

கம்பளியின் அருமையை மறைக்க வேண்டியதில்லை. அங்குலத்துக்கு 10 கண் உள்ள கேன்வாஸை ஒரே இழையில் மூடிவிடும். உட்கார்ந்து எழுந்தாலும் அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். ஆனால் இங்கே ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல்தான் கிடைக்கும். அது இழுத்தால் நீளும், உரசினால் உருண்டை கட்டும். இந்தத் தையலுக்கான அசல் ‘டேப்பஸ்ட்ரி’ கம்பளி நூலை ஆன்லைனில்தான் தேடவேண்டும்.

என்னைத் திருப்பியது பராமரிப்பு. ஊஞ்சல் மெத்தை கண்ணாடிக்குள் மாட்டும் படமல்ல. தலை எண்ணெய் படும், குழந்தை பால் சிந்தும், மழையில் நனைந்து வந்தவர் அப்படியே உட்காருவார். கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும். அது தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை இழுத்துக்கொண்டும், தொட்டால் ஈரம் தெரியாமல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், உலர்ந்துவிட்டது என்று நம்பி மடித்து வைத்தால் முடை நாற்றம்தான் மிச்சம். போதாததற்குத் துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளிதான் ஆகாரம்.

பருத்தியை அந்தப் புழு சீண்டாது. ஆனால் பூச்சியே வராது என்று சொல்லமாட்டேன். கேன்வாஸின் விறைப்பு கஞ்சியால் வருவது, கஞ்சி என்றால் ராமபாணப் பூச்சிக்குக் கொண்டாட்டம். தஞ்சை சரஸ்வதி மகாலில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை பொடித்துக் கற்பூரம் சேர்த்துப் பொட்டலம் வைப்பார்கள். உறையைக் கழற்றி வைக்கும் மாதங்களில் நானும் அதையே பெட்டியில் போடுகிறேன். அழுக்கானால் குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முறுக்காமல் துண்டில் ஒற்றி எடுக்கலாம். கஞ்சி கரைந்து கேன்வாஸ் தளரும். ஈரமாக இருக்கும்போதே பலகையில் மூலைமட்டம் பார்த்து இழுத்து, பித்தளை ஆணி அடித்துக் காயவிட வேண்டும். இரும்பு ஆணி துருக்கறை விடும். இதற்காகவே உறையின் பின்பக்கம் ஜிப் வைத்தேன். அடர் சிவப்பு, அரக்கு நிற நூல்களைத் தைக்கும் முன்பே, சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள்.

பருத்திக்கு ஒரு குறை உண்டு: கேன்வாஸை மூடுவது. 10 கண்ணில் ஆறு பிரி எம்பிராய்டரி நூலை அப்படியே ஓட்டினால் இடையில் வெள்ளை தெரியும். 14 கண்ணுக்குப் போங்கள், ஊசி 20 அல்லது 22-ஆம் நம்பர். ஆறு பிரியையும் தனித்தனியாக உருவி மறுபடி சேர்த்தால் நூல் உப்பும், கண் நிறையும். கையில் இதற்குப் பொறுமை வேண்டும். அது இல்லாதவர்கள் முறுக்கு நூலான பெர்ல் காட்டன் 5-ஆம் நம்பர் எடுக்கலாம். கடையில் கேன்வாஸ் கேட்டால் மேட்டி துணியை நீட்டுவார்கள். கிராஸ் ஸ்டிச்சுக்கு அது போதும், மெத்தைக்குத் தளர்வு.

தையலில், சாய்வான வரிசைகளாகத் தைத்துப் போகும் ‘பாஸ்கெட் வீவ்’ முறையைப் பழகிக்கொள்ளுங்கள். நூல் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பின்பக்கம் கோரைப்பாய் முடைந்ததுபோல் அமைவதால் கேன்வாஸ் கோணாது. துணியைப் பிடித்துக்கொள்ளும் எம்பிராய்டரி வட்டவளையம் மடிப்புத் தழும்பு விடும். தச்சரிடம் சொல்லிச் செவ்வகச் சட்டம் செய்துகொள்வது மேல்.

டிசைனுக்கு வெளியே தேட வேண்டாம். பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்ட கூறைநாட்டுப் புடவையையே பாருங்கள். அந்தக் கட்டம் கேன்வாஸ் கண்ணில் அப்படியே உட்காரும். ஓரத்துக்குக் கோபுரக் கரை: அடியில் 9 தையல், மேலே 7, 5, 3, 1. பெர்ல் காட்டனின் பளபளப்பில் அந்தக் கரை தனியாக எடுத்துக் காட்டும். கம்பளியில் அந்தக் கூர்முனை மழுங்கிவிட்டது. நான் மனசு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எது நாள்பட உழைக்கும் என்பதை மட்டும் அடித்துச் சொல்லமாட்டேன். என் உறை இன்னும் புதுசு. தேய்மானம் தாங்குவதில் கம்பளி முந்தலாம். திருபுவனம் பக்கம் தறிவீடுகளில் மிஞ்சும் பட்டு நூலில் சிறிய பர்ஸ் தைத்திருக்கிறேன், அழகுதான். ஆனால் தண்ணீர் பட வாய்ப்புள்ள மெத்தைக்கு அதை எடுக்கமாட்டேன்.

எந்த நூலானாலும், பின்னணி நிறத்துக்கான கண்டுகளை ஒரே தடவையில், ஒரே லாட் நம்பரில் (ஒரே தடவை சாயம் தோய்த்த தொகுதியில்) வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் அதே நிற எண்ணிலும் சாயம் இம்மி மாறலாம். உறையின் நடுவில் அது கோடு போட்டதுபோல் தெரியும்.