ஸ்பேனர் சுருள் தைக்க வாங்கிய வாக்கிங் ஃபுட் மெஷின்: எட்டு மாதம் ஓட்டிய பிறகு

பெட்டியில் "ஹெவி டியூட்டி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கித்தான் தைத்துவிடும் என்று நம்பி ஒரு தடவை காசைவிட்டவன் எழுதுவது இது. அதனால் கொஞ்சம் கடுப்பு தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவின் பழைய புல்லட் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்த வண்டி, வலது பக்கம் கியர். அதன் டூல்பாக்ஸில் ஸ்பேனர்களைச் செருகிச் சுருட்டி வைக்கிற ஒரு காக்கி கித்தான் சுருள் இருந்தது. எட்டு பாக்கெட், ஓரமெல்லாம் நாடாப் பட்டி, நடுவில் சுற்றிக் கட்ட ஒரு நீள நாடா. எண்ணெயும் ஈரமும் சேர்ந்து மக்கிப்போய், கையில் எடுத்தால் பொடியாக உதிர்ந்தது. வண்டியை முழுக்கப் பிரித்துச் சரி செய்தபோது, அதே சுருளை அதே அளவில், அதே தையலில் திரும்பத் தைக்க வேண்டும் என்று ஒரு வெறி. ஆன்லைனில் கிடைப்பதெல்லாம் பாலியெஸ்டர், பிளாஸ்டிக் கொக்கி, மேலே தோலில் கம்பெனி பெயர். பழைய வண்டியில் அதை வைத்தால் வேட்டிக்கு ஷூ போட்ட மாதிரி இருக்கும்.

முதலில் வாங்கியது வீட்டு உபயோக மெஷின்தான். பெயர் வேண்டாம். ஜீன்ஸ் நுனி மடித்துத் தைக்க அருமையாக இருந்தது, அதில் குறையே இல்லை. சுருளின் ஓரத்தில் என்ன ஆகிறது என்றால், உடம்புத் துணி ஒன்று, பாக்கெட் ஒன்று, பாக்கெட் வாயின் மடிப்பு இரண்டு, அதற்கு மேலும் கீழும் பட்டி மடித்து நாலு என்று மூலையில் எட்டு அடுக்கு சேர்ந்துவிடும். 12 அவுன்ஸ் (சதுர கெஜத்துக்கு எடை) கித்தானில் அது ஐந்தாறு மில்லி கனம். அங்கே போனதும் மெஷின் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றது. கைச்சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினால் ஊசி வளைந்து தட்டில் அடித்து ஒடிந்தது. ஒரு சுருளுக்கு ஐந்து ஊசி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்றரை அடி நீள ஓரத்தில் பட்டி முக்கால் அங்குலம் முறுக்கிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் சீட் கவர் தைக்கும் ஒரு பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், இன்னும் பெரிய மோட்டார் போட்டா சரியாயிடுமா?" என்றேன். சிரித்துவிட்டு, "மோட்டார்ல ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் கால்ல இருக்கு" என்றார். கால் என்று அவர் சொன்னது துணியை அழுத்தும் ஃபுட்டை.

விஷயம் உண்மையில் அவ்வளவுதான். சாதாரண மெஷினில் துணியை நகர்த்துவது அடியில் இருக்கும் பல் மட்டும். மேலே ஃபுட் சும்மா அழுத்திக்கொண்டு வழுக்கும். மெல்லிய துணி என்றால் பரவாயில்லை. கித்தானில் அடித்துணி நகர்ந்துவிடும், மேல்துணி பின்தங்கும், தையல் முடிகிற இடத்தில் மேல்துணி மிச்சமாகப் புடைத்து நிற்கும். மோட்டார் பெரிதானால் இதே தப்பு இன்னும் வேகமாக நடக்கும், வேறொன்றும் இல்லை. வாக்கிங் ஃபுட் மெஷினில் ஃபுட் உள்கால், வெளிக்கால் என்று இரண்டாக இருக்கும். ஊசி துணிக்குள் குத்திய நிலையிலேயே பல்லோடு சேர்ந்து பின்னால் போகும், உள்கால் துணியை அமுக்கிப் பிடித்துக் கூடவே நகரும், அதற்குள் வெளிக்கால் எழும்பி அடுத்த எட்டுக்குத் தயாராகும். மேல், நடு, கீழ் மூன்றும் ஒன்றாகப் போவதால் பட்டி முறுக்க வழியே இல்லை. புதிய கண்டுபிடிப்பும் இல்லை, பழைய சிங்கர் 111டபிள்யூ155-லேயே இந்த ஏற்பாடு உண்டு. இன்றைக்கு இந்த வகையில் பலரும் அளவுகோலாக வைத்திருப்பது ஜப்பான் கம்பெனி ஜூக்கியின் டிஎன்யூ-1541: முழங்கால் நெம்புகோலை அழுத்தினால் ஃபுட் 16 மில்லி வரை தூக்கும், தையல் நீளம் 9 மில்லி வரை போகும்.

ஜூக்கி என் பட்ஜெட்டுக்கு எட்டவில்லை. அதே தினுசில் வரும் சீன மெஷின் ஒன்றை மேஜை, சர்வோ மோட்டார் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மோட்டார்) சேர்த்து 50,000 ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்து வாங்கினேன். வந்த முதல் வாரம் அழுகை வந்துவிட்டது. பத்து அங்குலம் தைத்தால் நூல் அறுந்தது. நூல் டென்ஷனைத் தளர்த்தினேன், நூலை மாற்றினேன், கடைக்காரரைத் திட்டினேன். கடைசியில் ஊசித்தட்டின் ஓட்டையில் நகத்தை விட்டுப் பார்த்தால் ஒரு பிசிறு, ரம்பப் பல் மாதிரி. 1000 நம்பர் எமெரி பேப்பரைக் கயிறு மாதிரி திரித்து ஓட்டைக்குள் விட்டு இழுத்து இழுத்துத் தேய்த்தேன், நின்றது. அப்புறம் தையல் விட ஆரம்பித்தது. ஊசி அடிமட்டம் போய்த் திரும்பி இரண்டரை மில்லி அளவு ஏறும்போது அடியில் சுழலும் கொக்கியின் முனை வந்து நூலைக் கவ்வ வேண்டும்; என் மெஷினில் கொக்கி தாமதமாக வந்தது. பாய் வந்து கொக்கியின் ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரி செய்துவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஒரு தப்பு என்னுடையதும்தான். இந்த வகைக்கு 135x17 ஊசி போட வேண்டும். நான் சாதாரண பவர் மெஷினின் டிபிx1 ஊசியைப் போட்டுவிட்டு அரைநாள் மெஷினைச் சபித்துக்கொண்டிருந்தேன். அதன் நீளமே வேறு, கொக்கிக்கு எட்டாது.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். இந்தச் சில்லறைத் தொல்லைகள் தீர்ந்த பிறகு மூலை எட்டு அடுக்கில் ஏறுவதை முதன்முதலாகப் பார்த்தபோது மெஷினுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வெளிக்கால் மேட்டின் மேல் ஏறி நின்று, உள்கால் அதைத் தொடர்ந்து ஏறி, டக் டக் என்று மாடிப்படி ஏறுகிற மாதிரி போய் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. தையல் நீளம் மேட்டிலும் மாறவில்லை. சர்வோ மோட்டாரில் மட்டும் ஒரு வேலை பாக்கி இருந்தது: அதன் மிகக் குறைந்த வேகமே எனக்கு அதிகம், பெடலைத் தொட்டால் நாலு தையல் ஓடிவிடும். மோட்டார் பக்கத்து புல்லியைச் சின்னதாக மாற்றி, அதற்கேற்ப பெல்ட்டும் மாற்றினேன். இப்போது ஒவ்வொரு தையலாக வைக்க முடிகிறது, இழுவையும் கூடியது. இதை விற்கிறவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள்.

பழைய மாதிரியே வேண்டும் என்பவர்களுக்கு இனிமேல்தான் முக்கியமான விஷயம். மெஷின் தைக்கிறது என்பதற்காகத் தடிமனான நூலைப் போட்டுவிடாதீர்கள். டெக்ஸ் 135 (டெக்ஸ் என்பது நூலின் தடிமனைச் சொல்லும் எண்) பாண்டட் நைலானை, அதாவது பசைப் பூச்சுள்ள நைலான் நூலை, 22 நம்பர் ஊசியில் போட்டால் லாரி தார்ப்பாய் மாதிரி ஆகிவிடும், போதாததற்குப் பளபளவென்று மின்னும். மக்கிய சுருளின் தையலை லென்ஸ் வைத்து எண்ணினேன்: அங்குலத்துக்கு 8, அதாவது ஒரு தையல் 3 மில்லிக்குக் கொஞ்சம் மேல். நூல் மங்கலான பருத்தி. நான் டெக்ஸ் 70 தடிமனில் உள்ளே பாலியெஸ்டர், மேலே பருத்தி உறை போட்ட கோர் ஸ்பன் நூலும் 18 நம்பர் ஊசியும் போடுகிறேன். டயலில் 3 என்று வைத்தால் என் மெஷின் மூன்றரைக்கு மேல் போடுகிறது, அதனால் டயலை நம்பாமல் துண்டுத் துணியில் தைத்து ஸ்கேலால் அளந்துதான் ஆரம்பிப்பேன். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: பாக்கெட் பிரிக்கும் கோடுகள் இரண்டு மூன்று அடுக்குதான், அதை அம்மாவின் கறுப்புக் கால்மிதி மெஷின் இதைவிட அழகாகப் போடுகிறது. லூதியானாவில் வார்த்த இரும்பு, தையல் கோடு நூல் பிடித்த மாதிரி. எனவே நடுக்கோடுகளை அதில் தைத்துவிட்டு ஓரப் பட்டிக்கு மட்டும் பெரிய மெஷினுக்கு வருகிறேன். கோடுகளை நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் வெளியே போங்கள், ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் போனால் எட்டாவது பாக்கெட் கோணலாகிவிடும்.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். நான் இதைச் செய்யாமல் தைத்த முதல் சுருள் ஒரே மழையில் சுருங்கி, பாக்கெட்டில் ஸ்பேனர் நுழையவே இல்லை. பாக்கெட் அகலத்தையும் இன்றைய செட்டை வைத்து அளக்காதீர்கள். பழைய புல்லட்டுக்கு விட்வொர்த் என்கிற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு ஸ்பேனர்தான். அதில் அடித்திருக்கும் எண் போல்ட்டின் தடிமன், வாயின் அளவு அல்ல: 1/4 என்று அடித்திருப்பதன் வாய் 13.3 மில்லி, 13 ஏறாது, 14 வைத்தால் நழுவி நட்டின் மூலையைத் தின்றுவிடும். அந்த ஸ்பேனர்களின் தலை தடித்திருக்கும், அதற்கென்று ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அரை விரல் கூடுதலாக விடுகிறேன்.

ஒரே ஒரு சுருள் உங்கள் வண்டிக்கு மட்டும் வேண்டும் என்றால் இந்த மெஷின் வேண்டவே வேண்டாம். பழைய கறுப்பு மெஷினில் 18 நம்பர் ஊசி போட்டு, மூலையில் சுத்தியலால் மடிப்பைத் தட்டி அமுக்கி, கைச்சக்கரத்தில் மெதுவாகச் சுற்றினால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். மாதம் ஐந்தாறு தைத்து நண்பர்களுக்குக் கொடுக்கிற ஆள் என்றால் வாங்கலாம், கொக்கி டைமிங் தெரிந்த ஒரு மெக்கானிக்கை முதலில் பிடித்துவிட்டு. ஐந்துக்கு மூன்றரை. வந்த அன்றே ஒழுங்காகத் தைத்திருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். மாடி வீடு என்றால் தலையையும் மேஜையையும் தனித்தனியாக ஏற்றச் சொல்லுங்கள், சேர்த்து ஏற்றப் பார்த்துத்தான் எங்கள் படிக்கட்டுச் சுவரில் ஒரு கை அகலத்துக்குப் பெயின்ட் போயிருக்கிறது.