உருளைக்கிழங்கு பிழியும் ரைசர்: வாங்கலாமா, வீட்டிலிருக்கும் அச்சே போதுமா?

வேகவைத்த உருளைக்கிழங்கைக் கட்டியில்லாமல் மசிப்பதற்கென்றே செய்யப்பட்டு, ரைசர் என்ற பெயரில் விற்கப்படும் எவர்சில்வர் கைக்கருவி ஒன்றை வேலூர் லாங்கு பஜார் பக்கத்துப் பாத்திரக் கடையில் 650 ரூபாய்க்கு வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் பல் எடுத்துக்கொண்ட பெரியவர் ஒருவரும் காரம் தொடாத குழந்தை ஒன்றும் இருப்பதால், வெண்ணெயும் பாலும் சேர்த்த உருளைக்கிழங்கு மசியல் எங்களுக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. கருவி சொன்ன வேலையைச் செய்கிறது. ஆயினும், நல்ல முறுக்கு அச்சு வைத்திருக்கும் வீட்டுக்கு இது கட்டாயமான செலவு அன்று என்பதே என் கருத்து.

பூண்டு நசுக்கியைப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ, அப்படித்தான் இதன் அமைப்பு. அடியில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட கிண்ணம், அதற்குள் இறங்கும் தட்டு, இரண்டையும் ஒரு முனையில் பிணைக்கும் ஆணி, மறுமுனையில் சேர்த்து அமுக்குவதற்கு நீண்ட இரு காம்புகள், அவ்வளவே. நடுத்தரக் கிழங்கு இரண்டுக்கு மேல் ஒரு தடவையில் கொள்ளாது. ஆனால் தோலோடு வெந்த கிழங்கை இரண்டாக அரிந்து, அரிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அமுக்கினால், சதை மட்டும் இழையிழையாக இறங்கித் தோல் கிண்ணத்திலேயே தங்கிவிடுகிறது. ஆவி பறக்கும் கிழங்கை விரல் சுடச்சுட உரிக்கும் வேலை இதனால் ஒழிகிறது. கொடுத்த பணத்தில் பாதி இந்த ஒரு வசதிக்கே சரியாகிவிட்டது என்று சொல்லலாம்.

இக்கருவியின் அருமை விளங்க, மசியல் ஏன் பசையாகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கிழங்கின் சதை முழுவதும் மாவுமணிகள் நிறைந்த நுண்ணிய அறைகளால் ஆனது. வேகும்போது ஏறக்குறைய 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த மணிகள் நீரை இழுத்து ஊதிக் கூழாகின்றன. வெப்பம் மேலும் ஏற, அறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டினும் இளகுகிறது. இந்த நிலையில் சூடாக இருக்கும்போதே மேலிருந்து அமுக்கினால் அறைகள் பெரும்பாலும் உடையாமல் தனித்தனியாகப் பிரிந்துவிடும், மாவு உள்ளேயே நிற்கும், மசியல் பஞ்சாக வரும். மாறாக மிக்ஸியில் போட்டுச் சுற்றினாலோ, மத்தால் விடாமல் கடைந்தாலோ, அறைகள் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் வெளியேறி, சுவரொட்டி ஒட்டுவதற்குத் தகுந்த பொருளாக மாறிவிடும். ஆறிய கிழங்கிலும் இதே இடர்தான். பெக்டின் மீண்டும் இறுகிவிடுவதால் அறைகள் பிரிவதற்குப் பதிலாக உடைகின்றன.

நம் வட ஆற்காட்டுச் சமையலறைகளில் இந்தப் பதம் தவறுவதற்குக் காரணம், கைக்குப் பழகிய கடைசல் முறையே என்று எனக்குத் தோன்றுகிறது. கீரையையும் கத்தரிக்காயையும் எவ்வளவு கடைந்தாலும் கெடுதல் இல்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கடையக் கடையச் சுவை கூடுமே தவிரப் பசையாகாது, ஏனெனில் அதில் மாவுச்சத்து மிகக் குறைவு. அதே மத்தை அதே வேகத்தில் உருளைக்கிழங்கில் சுழற்றும்போதுதான் வினை. ரைசரில் சுழற்றுவதற்கே வழியில்லை, அமுக்க மட்டுமே முடியும். ஆகவே அவசரக்காரர்களின் கையிலும் பதம் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இங்கேதான் முறுக்கு அச்சு போட்டிக்கு வருகிறது. திருகு வைத்த பித்தளை அச்சில் தேன்குழல் தட்டைப் பொருத்தி, தோலுரித்த சூடான கிழங்கைப் போட்டுப் பிழிந்தபோது, ரைசரில் வந்த மசியலுக்கும் இதற்கும் வீட்டில் எவரும் வேறுபாடு சொல்லவில்லை. இழை சற்றுத் தடிமனாக இறங்கும். கரண்டியின் பின்புறத்தால் இலேசாகப் புரட்டினால் சேர்ந்துகொள்ளும். இடியாப்பத் தட்டைப் போட வேண்டாம், துளை மிகச் சிறியதாகையால் தோள் வலிப்பதோடு கிழங்கும் அதற்குள் ஆறிப்போகும். தோலை முன்னதாகவே உரித்தாக வேண்டும் என்பதும், பித்தளை கையைச் சுடும் என்பதும் அச்சின் குறைகள். மாதத்தில் ஒரு முறை மசியல் செய்கிறவர்களுக்கு இவை பெரிய குறைகள் அல்ல.

எந்தக் கருவியானாலும் கிழங்கு சரியில்லாவிட்டால் பயனில்லை. நேதாஜி மார்க்கெட்டில் ஊட்டிக் கிழங்கு, கோலார் கிழங்கு, ஆக்ரா கிழங்கு என்று ஊர்ப்பெயரால் விற்பார்களே ஒழிய, மாவு மிகுந்ததா, நீர்ப்பற்று மிகுந்ததா என்று சொல்ல மாட்டார்கள். அதை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்: ஒரு டம்ளர் தூள் உப்பை 11 டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போட்டால், மாவு மிகுந்தது மூழ்கும், மற்றது மிதக்கும். மூழ்குவதே மசியலுக்கு உரியது. குளிர்பதனக் கிடங்கில் நெடுநாள் இருந்த கிழங்கில், 2 முதல் 4 டிகிரிக் குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருப்பதால் மசியல் தித்திக்கும். அத்தகைய கிழங்கை வாங்கினால் ஓரிரு வாரம் வெளியில் நிழலான இடத்தில் வைத்திருந்து சமைத்தால் தித்திப்பு ஓரளவு குறையும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அந்தத் தித்திப்பைக் கூட்டும் வேலை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் தெருவின் போர் தண்ணீர் கடினமானது, பாத்திரமெங்கும் வெள்ளை படியும். அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்குவதால், கிழங்கு வேகக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. வெளிப்புறம் வெந்தும் நடுவில் விதைபோல் நிற்கும் கட்டிகள்தாம் ரைசரின் துளைகளை அடைக்கின்றன. குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் வேகவைக்கத் தொடங்கிய பின் அந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்தது. கிழங்கை முழுதாக, தோலோடு, உப்பிட்ட குளிர்ந்த நீரில் போட்டுச் சூடேற்றுவதும், வெந்த பின் நீரை இறுத்துவிட்டு வெறும் பாத்திரத்தில் ஒரு நிமிடம் தணலில் காட்டி ஈரத்தை ஓட்டுவதும் நல்லது. குக்கரில் வைப்பதானால் அரிந்து போடக் கூடாது, நீர் கோத்துக்கொள்ளும்.

பிழிந்த பிறகு முதலில் வெண்ணெய், அது கரைந்த பின் சூடான பால், கடைசியில் உப்பு. அரை கிலோ கிழங்குக்கு 50 கிராம் வெண்ணெயும் 100 மில்லி பாலும் எங்கள் வீட்டு அளவு. பிரெஞ்சுச் சமையற்கலைஞர் ஜோயெல் ரொபுஷோனின் புகழ்பெற்ற மசியலில் ஒரு கிலோவுக்குக் கால் கிலோ வெண்ணெய் போகும். பெரியவர்களுக்கு அன்றாடம் கொடுக்கும் உணவில் அந்தத் தாராளம் ஆகாது.

மசால் தோசைக்கும் போண்டாவுக்கும் இந்தக் கருவி வேண்டவே வேண்டாம். அங்கே அரையும் குறையுமாகக் கையால் உதிர்ப்பதே முறை. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள வங்காளிச் சாப்பாட்டுக் கடைகளில் கிடைக்கும் ஆலு மாக்காவும் அப்படியே: கடுகெண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயத்தோடு விரலால் பிசைந்தால்தான் அதற்கு அந்த மணம் பரவும்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். தட்டுக்கும் கிண்ணச் சுவருக்கும் இடையே இடைவெளி சற்று மிகுதியாக இருப்பதால், நிரம்ப வைத்து அமுக்கினால் கிழங்கு மேற்புறமாகப் பிதுங்கி வழிகிறது. பிணைப்பு ஆணி இப்போதே சிறிது ஆடுகிறது. பயன்படுத்திய உடனே குளிர்ந்த நீரில் ஊறவைக்காவிட்டால் துளைகளில் மாவு காய்ந்து கல்லாகிவிடும். வெந்நீர் ஊற்றினாலோ அது மேலும் ஒட்டும். ஆகவே வாங்குகிறவர்கள் கடையிலேயே காம்பை விரித்தும் மூடியும் ஆணியின் உறுதியைப் பார்த்து, தட்டு சுவரை ஒட்டி இறங்குகிறதா என்று கவனித்து, கிண்ணம் தனியே கழற்றிக் கழுவக்கூடிய வகையாக எடுத்துக்கொள்ளட்டும். அப்படிக் கிடைக்காவிட்டால், 650 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பரணிலிருக்கும் அச்சை இறக்கலாம்.