நெட்வொர்க் ரேக்: எதை வாங்குவது, எர்த்தை எங்கே கொடுப்பது?

நெட்வொர்க் கருவிகளை அடுக்கி மாட்டும் சட்டம்தான் ரேக். சுவிட்ச், ரூட்டர், கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனல் எல்லாம் 19 அங்குல அகலத்துக்கே வருகின்றன. உயரத்தை யூ (U) கணக்கில் எண்ணுகிறோம். ஒரு யூ 44.45 மில்லிமீட்டர். இந்த இரண்டிலும் யாரும் தவறுவதில்லை. கோட்டை விடுவது ஆழத்தில்தான்.

சிறிய அலுவலகத்துக்குப் பெரும்பாலும் சுவர்ப்பெட்டிதான் வாங்குகிறார்கள். 450 மில்லிமீட்டர் ஆழம் 24 போர்ட் சுவிட்சுக்குத் தாராளம். 48 போர்ட் பிஓஇ சுவிட்ச் (நெட்வொர்க் கேபிள் வழியாகவே பவரும் கொடுப்பது) என்றால் அதுவே 400-ஐத் தொட்டுவிடும், பின்னால் பவர் பிளக்குக்கு இடம் இருக்காது. கொஞ்சம் கூடக் கொடுத்து 600 ஆழத்தில் வாங்கிவிடுங்கள். செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டுங்கள். பிளைவுட் தடுப்பில் வேண்டவே வேண்டாம். பேட்டரியோடு யூபிஎஸ்ஸையும் அதற்குள் தூக்கி வைக்காதீர்கள்.

இரண்டு கால் திறந்த ரேக் விலை குறைவு, காற்றோட்டம் அருமை, எந்தப் பக்கமிருந்தும் கை நுழையும். ஆனால் பூட்டிய, தூசி வராத, எலி வராத தனி அறை வேண்டும். அது இல்லாத இடத்தில் நான் இதைச் சொல்வதே இல்லை.

சர்வர் வரப்போகிறது என்றால் தரையில் நிற்கும் மூடிய கேபினெட்தான். 1000 மில்லிமீட்டர் ஆழம் பாருங்கள். முன்கதவு கண்ணாடியாக இல்லாமல் துளைத்த தகடாக இருக்கட்டும். சர்வர் முன்னாலிருந்துதான் காற்றை இழுக்கிறது.

சரி, எர்த்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியம்.

ஒரு அலுவலகத்தில் ரேக் கதவைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மல்டிமீட்டரை வைத்தால் கதவுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. சுவிட்ச் எதுவும் பழுதில்லை. பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சிறிதளவு கசிவை உடல் தகட்டுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருக்கும். எர்த் இருந்தால் அது எர்த் கம்பி வழியே போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதி தகட்டில் நிற்கும். பத்துக் கருவிகள் சேர்ந்தால் பத்தின் கசிவும் சேர்ந்துகொள்ளும். அங்கே பவர் ஸ்ட்ரிப்புக்கு வந்த வயரில் எர்த் கம்பியே இல்லை.

கருவிகளுக்கு எர்த் கொடுக்க இரண்டு விதம் வழக்கத்தில் உண்டு. ஒன்று, சுவிட்சிலிருந்து சுவிட்சுக்குச் சங்கிலி போல் வயரை இழுப்பது. வயர் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஒரு சுவிட்சைக் கழற்றினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அந்த வழியை இழந்துவிடும். இன்னொன்று, ரேக்கில் ஒரு செம்புப் பட்டை வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் தனி பச்சை-மஞ்சள் வயர். இதையே செய்யுங்கள். பட்டையிலிருந்து பிரதான எர்த்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போதும். கதவுக்கும் தனி வயர் வேண்டும், கீலை நம்பக்கூடாது. வயர் முனையில் உள்ள லக் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி வெறும் தகடு தெரிந்த பிறகே போல்ட்டை முடுக்குங்கள். பவுடர் கோட்டிங் மேல் முடுக்கிய போல்ட் எர்த் ஆகாது.

அப்புறம், நெட்வொர்க்குக்கு மட்டும் தனியாக எர்த் பிட் (எர்த் கம்பியை மண்ணில் இறக்கும் குழி) தோண்டுகிற பழக்கம். தோண்டலாம், ஆனால் அதைக் கட்டடத்தின் பிரதான எர்த்தோடு இணைத்தே தீர வேண்டும். தனியாக விட்டால் என்ன ஆகும்? பிட்டின் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேஸ் கம்பி ரேக்கில் பட்டால் அதிகபட்சம் 46 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழ 80-லிருந்து 160 ஆம்பியர் வரை தேவை. அது விழும் வரை ரேக் தகடு முழுக்க மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். இடி விழும்போதோ இரண்டு எர்த்துகளுக்கும் இடையே எழும் வோல்ட்டேஜ், நெட்வொர்க் கேபிள் வழியாகப் பாய்ந்து போர்ட்டுகளை எரிக்கும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள கட்டடத்தில் பிரதான எர்த் கம்பி வழியாகவே நியூட்ரலைச் சேர்ந்துவிடும். எம்சிபி சட்டென்று விழும். அது இல்லாத சிறிய கட்டடத்தில் எர்த் சரியாக இருந்தாலும் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் ரேக்குக்கு லைன் கொடுக்காதீர்கள்.

வேலை முடிந்ததும், பவரை ஆன் செய்யும் முன், மீட்டரின் ஒரு முனையைப் பட்டையிலும் மறுமுனையைக் கதவு, பக்கத்தகடு, ஒவ்வொரு சுவிட்சின் உடல் என்று வரிசையாகவும் வையுங்கள். ஒரு ஓமுக்கு மேல் காட்டும் இடத்தில் போல்ட்டைக் கழற்றி மறுபடி சுரண்டுங்கள்.