கரும்பைன் விதைப் பொட்டலம்: 50 வாங்கி 16 முளைத்த கதை

பொன்சாய் வளர்ப்பதற்காக இணையவழிக் கடை ஒன்றில் ஜப்பானியக் கரும்பைன் என்னும் ஊசியிலை மரத்தின் விதைகள் 50 கொண்ட பொட்டலத்தை 350 ரூபாய்க்கு வாங்கினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. பூஞ்சணமோ ஈரமோ இல்லை. எல்லா விதைகளும் ஏறத்தாழ ஒரே அளவில், குறை சொல்ல இடமின்றிக் காணப்பட்டன.

ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தபோது 31 விதைகள் மிதந்தன. மிதப்பவற்றிலும் நல்லவை இருக்கக்கூடும் என்பதால் வீசிவிடாமல், பத்தை மட்டும் பிளேடால் நெடுக்காகப் பிளந்தேன். பத்திலும் ஓட்டின் உட்புறத்தில் சுருங்கிக் காய்ந்த சவ்வுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. மூழ்கியவற்றில் ஒன்றைப் பிளந்தபோதோ, தேங்காய்ப் பருப்பைப் போன்ற வெண்சதையும் அதன் நடுக்குழியில் மெல்லிய குச்சியாய்க் கருவும் தெரிந்தன.

நெல்லில் உள்ளீடற்ற பொக்கைத் தொட்டாலே கண்டுகொள்ளலாம், பைனில் முடியாது. மகரந்தம் சூலை அடைந்து ஏறத்தாழ ஓராண்டு கழித்தே கருவுறுதல் நிகழ்கிறது. அதன்பின் கரு இறந்துபோனாலும் ஓடு வளர்ந்து கெட்டியாகிவிடுகிறது. ஒரே சூலில் பல கருக்கள் தோன்றி ஒன்றே நிலைப்பது இம்மரத்தின் இயல்பு என்பதால், ஒன்று பழுதானால் மற்றொன்று பிழைக்க வழியுண்டு. ஆனால் தனித்து நிற்கும் மரம் தன் மகரந்தத்தையே ஏற்கும்போது, கேடு செய்யும் ஒடுங்கு மரபணுக்கள் (இணையாக வந்தால் மட்டுமே வெளிப்படுபவை) தாய், தந்தை என இரு வழியாகவும் வந்து சேர, அந்த மாற்றுக் கருக்களும் பெரும்பாலும் மடிகின்றன. பூச்சி உறிஞ்சியும் விதை வெறுமையாகலாம். எதுவாயினும், விதை தோப்பில் எடுத்ததா தனிமரத்தில் எடுத்ததா என்ற குறிப்பே பொட்டலத்தில் இல்லை.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, முளைப்பைத் தூண்ட விதைகளை நான் குளிர்பதனப் பெட்டியில் வைத்த முறை தவறு என்று பதில் வந்தது. பிளந்து பார்த்தது அதற்கு முன்பே என்பதையும், குளிரில் வைத்த முறை பிழைத்தால் முளைப்பு கெடுமேயன்றி உள்ளே இருந்த சதை காணாமற்போகாது என்பதையும் எழுதினேன், மறுமொழி இல்லை.

ஐந்து வாரம் குளிரில் வைத்து விதைத்ததில், மூழ்கிய 18 விதைகளில் 15 முளைத்தன. மிதந்த 21 விதைகளில் ஒன்றே ஒன்று. முளைத்தவை திடமானவை, ஓட்டைத் தொப்பிபோல் சுமந்தெழுந்து, அதை உதிர்த்தபின் ஏழெட்டு ஊசிகளை வட்டமாக விரித்தன. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். மிதப்பவற்றை நீக்கி 20 விதைகளை இதே விலைக்கு விற்றால் மீண்டும் வாங்குவேன்.