டாலியிலிருந்து ஈஆர்பிநெக்ஸ்ட்: இடைக்கால அறிக்கைகளுக்கு பவர் பிஐ எப்படி?

டாலி கணக்கு மென்பொருளை விட்டு, ஏப்ரல் 1 முதல் பில் எல்லாம் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளில் என்று முடிவாகிவிட்டால், மே மாதமே ஒரு கேள்வி வந்து நிற்கும்: “போன வருஷம் இதே மாசம் எவ்வளவு வித்தோம்?” போன வருடக் கணக்கு டாலியில், இந்த வருடக் கணக்கு புதியதில். இரண்டையும் ஒரே திரையில் பார்க்கப் பல நிறுவனங்கள் கையில் எடுப்பது மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவியான பவர் பிஐ. எங்கள் மதிப்பீடு இதுதான்: காட்டுவதற்கு மிக நல்ல கருவி. ஆனால் இரண்டு கணக்கையும் சேர்க்கும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது. அந்த வேலை அதற்குக் கீழே, தனியான ஒரு தரவுத்தளத்தில் முடிந்திருக்க வேண்டும்.

டாலியை ஓடிபிசி (மென்பொருள்கள் தரவைப் பகிரும் பொது இணைப்பு முறை) வழியாக, 9000 போர்ட்டில், பவர் பிஐயோடு நேரடியாக இணைக்க முடியும். லெட்ஜரும் (கணக்குத் தலைப்புகள்) சரக்குப் பட்டியலும் சிரமமில்லாமல் வந்துவிடும். வவுச்சர், அதாவது ஒவ்வொரு பரிவர்த்தனைப் பதிவின் விவரம், அப்படி வராது. அதோடு, அந்தக் கம்பெனி டாலியில் திறந்தே இருக்க வேண்டும். இரவு யாராவது கணினியை அணைத்துவிட்டுப் போனால் காலை ரிஃப்ரெஷ் (தரவைப் புதுப்பித்தல்) தோல்விதான். அதனால் வவுச்சர்களை மாதம் மாதமாக எக்ஸ்எம்எல் கோப்புகளாக ஏற்றுமதி செய்து, ஒரு மரியாடிபி தரவுத்தளத்தில் கொட்டுவதே சரி. ஈஆர்பிநெக்ஸ்டும் மரியாடிபியில்தான் ஓடுகிறது என்றாலும், அதன் சொந்தத் தரவுத்தளத்துக்குள் இதைப் போடாதீர்கள். தனியாக வையுங்கள்.

பலரும் இடறி விழுவது கூட்டல், கழித்தல் குறியில். ஒரு லட்ச ரூபாய்க்கு விற்பனை, 18 சதவீத ஜிஎஸ்டி என்று வைத்துக்கொள்வோம். டாலியின் எக்ஸ்எம்எல்லில் வாடிக்கையாளர் பெயருக்கான தொகை -118000.00 என்று வரும். விற்பனை 100000.00, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தலா 9000.00. அதாவது டெபிட் கழித்தலில், கிரெடிட் கூட்டலில். ஈஆர்பிநெக்ஸ்டின் ஜிஎல் என்ட்ரி (பொதுப் பேரேட்டுப் பதிவு) அட்டவணையிலோ டெபிட், கிரெடிட் இரண்டும் தனித்தனிப் பத்தி, இரண்டிலும் கூட்டல் எண்தான். வழக்கம்போல் டெபிட்டிலிருந்து கிரெடிட்டைக் கழித்தால் வாடிக்கையாளருக்குக் கூட்டல் எண் வரும். டாலித் தொகைகளை -1ஆல் பெருக்காமல் இரண்டையும் ஒட்டினால், பாக்கிப் பட்டியலில் பழைய பாக்கி புதிய பாக்கியைத் தின்றுவிடும்.

சரக்கின் அளவும் அப்படித்தான். டாலியில் அது வெறும் எண்ணாக வராது, அலகோடு சேர்ந்த எழுத்தாக வரும். மாற்று அலகு வைத்திருந்தால் “10 மூட்டை = 600 கிலோ” என்ற வடிவில் இருக்கும். சமக்குறிக்கு இருபுறமும் பிரித்து, ஈஆர்பிநெக்ஸ்டில் எந்த அலகில் இருப்பு வைத்திருக்கிறீர்களோ அதை மட்டும் எடுங்கள்.

அடுத்தது தொடக்க இருப்பு. பழைய பாக்கி பில்களை ஈஆர்பிநெக்ஸ்டின் ஓப்பனிங் இன்வாய்ஸ் கருவியில் ஏற்றினால், அவை சேல்ஸ் இன்வாய்ஸ் அட்டவணையிலேயே போய் உட்காரும். அந்த அட்டவணையை அப்படியே கூட்டி ‘இந்த வருட விற்பனை’ என்று காட்டினால், மார்ச் மாதத்து பில் மறுபடி விற்பனையாகிவிடும். ‘இஸ் ஓப்பனிங்’ புலத்தில் ‘எஸ்’ (ஆம்) என்றிருப்பதை விற்பனை அறிக்கையிலிருந்து நீக்க வேண்டும். பாக்கிப் பட்டியலில் டாலியின் பழைய பாக்கியோ, ஓப்பனிங் பில்லோ, ஏதாவது ஒன்றுதான் இருக்கலாம். பில்லின் நிலையைக் காட்டும் டாக்ஸ்டேட்டஸ் புலத்தில் 1 (சமர்ப்பித்தது) உள்ளவற்றை மட்டும் எடுங்கள். 0 வரைவு, 2 ரத்து.

இரண்டிலும் உள்ள வாடிக்கையாளர் பெயர்களை இணைப்பதை ஜிஎஸ்டி எண்ணிலிருந்து தொடங்குங்கள். 15 இடங்களில் 3 முதல் 12 வரை உள்ளது பான் எண். ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மாநிலங்களில் பதிவு இருந்தால் ஜிஎஸ்டி எண் வேறு வேறாக இருக்கும், பான் ஒன்றுதான். பதிவில்லாத சில்லறை வாடிக்கையாளர்களைக் கணக்குப் பிள்ளை உட்கார்ந்து கையால்தான் இணைக்க வேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இணைப்பு அட்டவணையில் டாலியின் பெயரை மட்டும் நம்பாமல், மாறாத அடையாளக் குறியான ஜியுஐடியையும் வையுங்கள், பெயரை நாளை யாரும் திருத்தலாம். இணையாத லெட்ஜர்கள் காணாமல் போகக் கூடாது. ‘இணைக்கப்படாதவை’ என்று ஒரு வரி அறிக்கையிலேயே தொகையோடு தெரியட்டும்.

ஏப்ரல் 1க்குப் பிறகு டாலி தூங்கிவிடும் என்று நினைப்பதும் தவறு. தணிக்கை முடியும்வரை மார்ச் 31 தேதியிட்ட ஜர்னல்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் டாலியின் ஆல்டர் ஐடி கூடும். கடைசியாக எடுத்த எண்ணைவிடப் பெரியவற்றை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். ஆனால் நீக்கிய வவுச்சர் இந்த வழியில் பிடிபடாது, ஏற்றுமதியில் அது இருக்கவே இருக்காது. வாரம் ஒருமுறை டாலியின் ட்ரையல் பேலன்ஸையும் (இருப்பாய்வு) உங்கள் தரவுத்தளத்தின் மொத்தத்தையும் லெட்ஜர்வாரியாக ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்தையும் விடாதீர்கள்.

இவ்வளவும் கீழே சரியாக இருந்தால் பவர் பிஐ அழகாக வேலை செய்கிறது. மொத்த விற்பனையிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் ஒற்றை பில்வரை சொடுக்கிச் சொடுக்கி இறங்கலாம், அது டாலி பில்லா ஈஆர்பிநெக்ஸ்ட் பில்லா என்பது பார்ப்பவருக்குத் தெரியவே வேண்டியதில்லை. வருடத் தொடக்கம் முதலான மொத்தத்துக்கு டோட்டல் ஒய்டிடி சூத்திரம் எழுதும்போது கடைசியில், நிதியாண்டு முடியும் நாளாக, “3-31” என்று சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் ஜனவரியிலிருந்து கூட்டும். காட்சி அலகாக ஆயிரம், மில்லியன்தான் கிடைக்கும். லட்சத்தில் வேண்டுமானால் தொகையை 100000ஆல் வகுத்துத் தனி மெஷர் (கணக்கீட்டுச் சூத்திரம்) எழுத வேண்டும்.

பவர் பிஐயின் ப்ரோ உரிமத்தில் ஒரு மாடல் (அறிக்கைக்கான தரவுத் தொகுப்பு) 1 ஜிபி வரை, திட்டமிட்ட ரிஃப்ரெஷ் நாளுக்கு 8 முறை. நடுத்தர நிறுவனத்துக்கு இது தாராளம். தரவுத்தளம் அலுவலகத்துக்குள் இருந்தால் கேட்வே (அலுவலகத் தரவை பவர் பிஐ இணையச் சேவைக்கு அனுப்பும் மென்பொருள்) நிறுவிய விண்டோஸ் கணினி எப்போதும் ஓட வேண்டும். கிளைவாரியாகத் தரவை மறைக்க வரிசைநிலைப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அது வியூவராக (பார்க்க மட்டும் உரிமையுள்ளவர்) சேர்த்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். கிளை மேலாளரைத் திருத்தும் உரிமையுள்ள மெம்பராகச் சேர்த்துவிட்டால் எல்லாக் கிளையும் அவருக்குத் தெரியும்.

விலைதான் யோசிக்க வைக்கிறது. 2025 ஏப்ரலில் ப்ரோ கட்டணம் ஆளுக்கு மாதம் 10 டாலரிலிருந்து 14 டாலராக உயர்ந்தது. ப்ரோவில் அறிக்கை தயாரிப்பவர் மட்டுமல்ல, பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். ஏழெட்டுப் பேர் பார்க்கும் இடத்தில் தயங்காமல் வாங்கலாம். நாற்பது பேர் பார்க்க வேண்டும், கிளைவாரி மறைப்பு தேவையில்லை என்றால், அதே தரவுத்தளத்தின் மேல் மெட்டாபேஸ் என்ற அறிக்கைக் கருவியின் இலவசப் பதிப்பை முதலில் வைத்துப் பாருங்கள்.